மாவு இல்லாத வீடு

கம்பம் சேக் பரீத்தைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் குற்றம் சாட்டியதில்லை. காமயகவுண்டன்பட்டியில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த திராட்சைத் தோட்டத்தில், பந்தலில் தொங்கிய நல்லபாம்பைக் குலை என்று நினைத்துத் தொடப்போய், "ஓ, நீயா" என்று சொல்லிவிட்டு அடுத்த குலைக்கு நகர்ந்தவர். குமுளி மலைப்பாதையில் பிரேக் போன லாரியில் காலிப் பெட்டிகளோடு இறங்கி வந்து, டீ குடித்து முடித்த பிறகே பிரேக்கைப் பற்றிப் பேச்செடுத்தவர். அப்பேர்ப்பட்டவரை 2004ஆம் வருஷம் ஒரு சுண்டுவிரல் மிரட்டியது. அயலார் விரல் இல்லை. அவருடைய சொந்த இடது கால் விரல்.

பந்தலில் இருந்து விழுந்த கம்பித் துண்டு செருப்பைத் துளைத்து விரலுக்குள் ஏறியிருந்தது. அந்தச் செய்தி அவருக்கு எட்டவில்லை. வாசலில் ரத்தத்தைக் கண்ட மனைவி அம்சத் பீவி, "எவ வீட்டுக் கோழிய இங்கன வச்சு அறுத்தாக?" என்று தடம் பார்த்துப் போனார். தடம் புருஷன் காலில் போய் முடிந்தது. சர்க்கரை அவர் உடம்பில் பல வருஷமாகக் குடியிருந்தது. வலிக்கிற வேலையை விரல் எப்போதோ ராஜினாமா செய்திருந்தது.

டாக்டர் அனிதா மேரிக்கு ஒரு கொள்கை உண்டு. நோயாளிகளிடம் நல்ல தமிழில் மட்டுமே பேசுவார்.

"புண்ணு கெட்டுக்கிட்டு வருது. சர்க்கரை இறங்கலேன்னா விரல எடுக்க வேண்டி வரும். மாத்திரை மட்டும் போதாது, சாப்பாட்டுல மாவுச்சத்தக் குறைக்கணும். ரெண்டு வாரம் பாப்போம்."

கார்போஹைட்ரேட் என்று சொல்லியிருந்தால் சேக் பரீத், "அப்படின்னா என்ன தாயி?" என்று கேட்டிருப்பார். தமிழில் சொன்னதால் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

மாவுச்சத்து என்றால் மாவில் இருக்கும் சத்து. இதற்கு மேல் விளக்கம் எதற்கு? வீட்டுக்கு வந்ததும் மாவை நாடு கடத்தினார். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு எல்லாம் ஒரே நாளில் தடை செய்யப்பட்டன. கிரைண்டரைப் பழைய போர்வையால் மூடினார். மைதா டப்பாவும் கோதுமை மாவும் பக்கத்து வீட்டில் தஞ்சம் புகுந்தன. பரோட்டாக் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதைக்கூட நிறுத்தினார். வாசனையிலும் மாவு பறக்கும் அல்லவா?

"அப்ப காலையில என்னத்த திங்கிறதாம்?" என்றார் அம்சத்.

"சோறு ஆக்கு. சோத்துல மாவு ஏது?"

மூன்று வேளையும் சோறு நடந்தது. நடுவில் பசித்தால் மரவள்ளிக்கிழங்கு. அதை மண்ணுக்குள்ளிருந்து பிடுங்குகிறார்கள், மில்லில் அரைப்பதில்லை. அப்புறம் வாழைப்பழம். உரித்து, கிள்ளி, விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். மாவு இல்லை. இரண்டு தின்றார்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் விரல் கறுத்துக்கொண்டே வந்தது. தொழுகைக்கு ஒளு செய்யக் கால் கழுவப் போனால் கண்ணை மூடிக்கொண்டார். உத்தமபாளையத்தில் அம்சத்தின் அண்ணனுக்கும் இப்படித்தான் சுண்டுவிரலில் தொடங்கியது. பிறகு பக்கத்து விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால். மனுஷன் தவணை முறையில் போய்ச் சேர்ந்தார். அந்தத் தவணைகள் ஒவ்வொன்றும் சேக் பரீத்தின் சோற்றுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டன. பயம் ஏற ஏற, மாவில்லாத சோற்றை இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் தங்கபாண்டிக்கு அவர் மேல் பாசம் அதிகம். அதனால் நேரம் பார்க்காமல் கேட்டுவைப்பார்.

"ஏன் மாமா, வெட்டுன விரல ஆஸ்பத்திரியில என்ன செய்வாக?"

"எங்க ஆளுக வாங்கிட்டு வந்து கபர்ஸ்தான்ல அடக்கிருவோம்."

"அடேயப்பா! அப்ப விரல் முன்னாடியே போயி உமக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிரும்னு சொல்லும்."

சேக் பரீத் சிரிக்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தவருக்குக் குளிர்ந்தது. ஆறடி ஆளுக்குப் பதில் ஒரு விரல் மட்டும் அந்த மண்ணுக்குள் தனியாகப் படுத்து, மிச்சத்துக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தார். இடது காலை மெல்ல மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டார். தங்கபாண்டிக்கே பகீரென்றது. "சும்மா சொன்னேன் மாமா, சும்மா" என்று அன்றைக்கு முழுக்கப் பின்னாலேயே அலைந்தார்.

இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியாக ஆளைப் பார்த்தார்.

"மாவுச்சத்தக் குறைச்சீங்களா, இல்லையா?"

"ஒரு பொட்டு மாவு வீட்டு வாசப்படி ஏறல டாக்டர்! இவளக் கேளுங்க."

"ஆமாம்மா," என்றார் அம்சத். "கிரைண்டருக்கே போர்வ போத்தி வச்சிருக்காக."

"அப்ப என்னதான் சாப்பிட்டீங்க?"

"வெறும் சோறுதான். கொஞ்சம் கிழங்கு. பழம்."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அரிசிய அரைச்சா என்ன வரும்?"

"மாவு வரும்."

"உங்க பல்லு என்ன செய்யுது?"

சேக் பரீத்தின் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது. இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே ஒரு மாவு மில்லை ஓட்டியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"சோறு, இட்லி, கிழங்கு, பழம் எல்லாத்துலயும் இருக்கு. மூணு இட்லியும் ஒரு கப் சோறும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒரு வேளைக்கு ஏதாவது ஒண்ணுதான். தட்டுல பாதி காய். கால் பங்கு முட்டையோ மீனோ பயறோ. மிச்சக் கால் பங்குதான் சோறு. அதுக்கு மேல ஏத்திக் குமிக்கக் கூடாது. நாளையிலருந்து இன்சுலின் ஊசி. ஒரு வாரம் பொறுப்பேன். கறுப்பு பக்கத்து விரலுக்குப் போச்சுன்னா அன்னைக்கே எடுத்துருவேன்."

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்சத் எவர்சில்வர் கப்பில் சோற்றை அளந்து, மேல்பகுதியைக் கரண்டியால் தட்டிச் சமப்படுத்தி, குற்றவாளிக்குப் போடுவதுபோல் தட்டில் கவிழ்த்தார். பாதித் தட்டில் அவரைக்காயும் வெள்ளரியும் காத்திருந்தன. சேக் பரீத் ஒவ்வொரு பருக்கையையும் சந்தேகத்தோடு பார்த்தார். மெல்லவும் பயம், மெல்லாமல் விழுங்கவும் பயம்.

"இந்த ஒரு வாய் அதிகமோ அம்சத்து?"

"அளந்துதான் போட்டேன் ரஃபியா அத்தா. தின்னுங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போன அம்சத் அழுதார். மூத்த மகள் ரஃபியாவுக்குச் சொல்லி அனுப்பவும் பயம். சொன்னால் அது நடந்துவிடுமோ என்று.

எட்டாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். சேக் பரீத் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி மட்டும் கண்ணில் ஏறவில்லை. சுற்றிய துணி கடைசியாகப் புண்ணை விட்டுப் பிரிந்தபோது அம்சத், "யா அல்லாஹ்" என்றார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க சேக் பரீத்துக்குத் தைரியம் இல்லை.

"செவப்புச் சதை வந்திருக்கு. விரல் இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

சேக் பரீத் மூச்சை விட்டார். விட்ட மூச்சோடு அவருக்குள் இருந்த திராட்சை வியாபாரியும் திரும்பி வந்தார்.

"இந்த அளவுச் சோறு இன்னும் எத்தன நாளைக்கு டாக்டர்?"

"இருக்கிற வரைக்கும்."

"நான் இருக்கிற வரைக்குமா, விரல் இருக்கிற வரைக்குமா?"

டாக்டர் புதுக்கட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டையும் தனித்தனியா வெல பேசாதீங்க பாய்."