மிஸ்ஸி அவித்த கண்

எனக்கு ஒரு கண் தெரியாது என்பது எட்டு வயதுவரை எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் ரயிலேறி வந்த ஒரு மிஸ்ஸி. தாதிகளை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

பெக்கோக் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் உள்ளே வரவேண்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்பது பேச்சுக்கு, துரையுடையது. நாங்கள் கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், லயத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரே ஒரு வாத்தியார். பிள்ளைகளின் உடம்பைச் சோதிக்கப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து இனி மாதாமாதம் மிஸ்ஸி வருவார் என்று அவர் சொன்னதை நாங்கள் ஊசி என்று புரிந்துகொண்டோம். மிஸ்ஸி வந்த அன்று பாதிப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. எனக்கு வந்த காய்ச்சலை அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளைக்காரியை எதிர்பார்த்துப் போனால், எங்களைப் போலவே கறுத்த, எங்கள் தமிழ் பேசுகிற சிலுவை போட்ட வேதக்காரப் பெண் ஒருத்தி வெள்ளைக் கவுனும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றார். அறையின் ஒரு மூலையில் கயிறு கட்டித் துணி தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். வாத்தியார் கூட எட்டிப் பார்க்கக் கூடாது. அதில் வாத்தியாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தன் பள்ளிக்கூடத்தில் தனக்குத் தெரியாத ஒரு மூலை இருப்பதை அவர் விரும்பவில்லை.

என் முறை வந்தது. மிஸ்ஸி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, என் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தார். தொடுவதற்கு முன் எங்கே தொடப்போகிறார் என்று சொல்லிவிட்டே தொட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படி அனுமதி கேட்டதில்லை. கங்காணியின் மகளாகிவிட்டதுபோல எனக்கு ஒரு பெருமை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தலையில் பேன் இருந்ததைக் காதோடு சொன்னார். பிறகு சுவரில் ஓர் அட்டையை மாட்டினார். அதில் மூன்று பல் வைத்த சீப்புகள் பெரிதும் சிறிதுமாக வரையப்பட்டிருந்தன. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் கையால் காட்ட வேண்டும்.

இடது கண்ணை அவர் பொத்தியபோது கடைசிச் சீப்புவரை காட்டினேன். கெட்டிக்காரி என்றார். பிறகு கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார்.

சுவர் போய்விட்டது. அட்டை போய்விட்டது. மிஸ்ஸியே போய்விட்டார். கண் முன்னால் பால் கரைத்ததுபோல வெள்ளைப் புகை மட்டும் இருந்தது.

நான் போட்ட கூச்சலில் மிஸ்ஸி சட்டென்று கையை எடுத்தார். உலகம் திரும்பி வந்தது. ஆனால் இனி அதை நம்ப முடியவில்லை. துணியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே நானே வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். புகை. எடுத்தேன். ரப்பர் மரங்கள். மறுபடி பொத்தினேன். புகை. அப்படிப் பார்த்துக்கொண்டே ஓடியதில் சாக்கடைக் காணுக்குள் விழுந்து, உடம்பெல்லாம் சேறாக எழுந்து, லயத்து வாசலில் நின்று அலறினேன்.

"மிஸ்ஸி என் கண்ண அவிச்சிட்டாங்க!"

முதலில் ஓடிவந்தவள் அடுத்த அறையிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா. என் இடது கருவிழியின் நடுவில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி முன்பிருந்தே உண்டு. அதை அதிர்ஷ்டப் புள்ளி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தவளும் அத்தைதான். இப்போது அவளே மார்பில் அடித்துக்கொண்டாள். பால்மரக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வாளியும் கையுமாகக் கூடிவிட்டார்கள். மிஸ்ஸி கண்ணில் மருந்து ஊற்றினார் என்று ஒருத்தி சொன்னாள். கண்ணை எடுத்துச் சீமைக்கு அனுப்புகிறார்கள் என்று இன்னொருத்தி அதற்கு மேலே போனாள். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை இழுத்துவரப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் வலது கண்ணைப் பொத்தி முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். எத்தனை என்று கேட்டாள். எனக்கு விரலே தெரியவில்லை. அம்மா உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குள் மிஸ்ஸியே லயத்துக்கு வந்துவிட்டார். சப்பாத்தெல்லாம் சேறு. பின்னால் வாத்தியார், எந்நேரமும் திரும்பி ஓடத் தயாராக நடந்து வந்தார்.

"காலையில நாந்தான் தலை வாரி அனுப்பினேன். நல்லா இருந்த புள்ள. என்ன செஞ்சீங்க?" என்றாள் அம்மா.

மிஸ்ஸி விளக்குமாற்றைப் பார்த்தார்; ஆனால் பின்வாங்கவில்லை. "சொல்றேம்மா. இது புள்ளையோட உடம்பு விஷயம். ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். இவங்க எல்லாம் வெளியில இருக்கட்டும்."

எல்லாருக்கும் முன்னால் சொல்லட்டும் என்று அத்தை கத்தினாள். மிஸ்ஸி வாசலிலேயே நின்றார். அவர் ஒரு வார்த்தையாவது பதிலுக்குக் கத்தியிருந்தால் அன்று அடி விழுந்திருக்கும். கடைசியில் அம்மாதான் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டாள். நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

உள்ளே, பிறந்து இரண்டு வாரமே ஆன தம்பி ஏணையில் கிடந்தான். மிஸ்ஸி என் கண்ணைப் பற்றிப் பேச வாயெடுத்தவர், ஏணையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். தம்பியின் இரண்டு இமைகளும் மஞ்சளாய்ச் சீழ் கட்டி ஒட்டியிருந்தன. ஏணைக்குக் கீழே ஒரு கொட்டாங்கச்சியில் பச்சிலைச் சாறு தயாராக இருந்தது. அத்தை அரைத்துக் கொடுத்தது.

"இத ஊத்திட்டீங்களா?"

"இல்ல. இனிமேதான்."

மிஸ்ஸி கொட்டாங்கச்சியை எடுத்து அடுப்படிச் சாம்பலில் கவிழ்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பொண்ணு பொறந்தப்பவும் கண்ணு இப்படித்தான் ஒட்டிச்சா? இதேதான் ஊத்துனீங்களா?"

 அம்மாவின் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அரைத்த மருந்தைக் கொட்டிவிட்டார்களே என்று அழுகிறாள் என நினைத்து, அத்தையிடம் சொல்லி வேறு அரைத்துத் தரச்சொல்கிறேன் என்று நான் ஆறுதல் சொன்னேன். அம்மா இன்னும் அதிகமாக அழுதாள்.

மிஸ்ஸி தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றி, பஞ்சால் தம்பியின் கண்களைத் துடைத்தார். அன்றைய ரயிலிலேயே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், காத்திருக்கக் கூடாது என்றார். பிறகு, வெளியே என்ன சொல்லலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே அத்தனை பேரும் நின்றார்கள், அத்தை முன்னால்.

"பொண்ணுக்கு அந்தக் கண்ணு ரொம்ப நாளாவே தெரியல. சின்னப் புள்ளையில வந்த நோவு. யார் மேலயும் குத்தமில்ல," என்றார் மிஸ்ஸி. அதற்கு மேல் எத்தனை பேர் எப்படிக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

தம்பியின் கண்கள் பிழைத்தன. வளர்ந்து ரயில்வேயில் கொடி காட்டும் வேலைக்குப் போனான். கூர்மையான பார்வை இல்லாதவர்களை அதற்கு எடுக்கமாட்டார்கள். நடந்தது என்ன என்பதை அம்மா எனக்குச் சொன்னது, என் மூத்த மகள் பிறந்து அவள் கண் லேசாக ஒட்டியபோதுதான். யாரையும் பக்கத்தில் விடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அத்தையிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. தான் அரைத்துக் கொடுத்த சாறுதான் என் கண்ணைக் கெடுத்தது என்று தெரியாமலே அத்தை போய்ச் சேர்ந்தாள்.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான். மிஸ்ஸி வண்டியில் ஏறினார். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவும் போக வேண்டும். அதற்கு முன் அம்மா லயத்துக்குப் பின்னால் ஓடி, முட்டையிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒரே பெட்டைக் கோழியைப் பிடித்து, காலைக் கட்டி, இரண்டு கையாலும் மிஸ்ஸியிடம் நீட்டினாள். சற்றுமுன் விளக்குமாறு பிடித்த கை அது. 

"வாங்கக் கூடாதும்மா. எங்க வேலையில அப்படி," என்று மிஸ்ஸி கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. கோழியைக் கையில் வாங்கிக்கொண்டு, எனக்கு மிச்சமிருந்த ஒரு கண்ணால் வண்டியைப் பார்த்தபடி நின்றேன். ஒரு கண்ணைத் திருப்பிக் கொடுக்க ஒரு கோழி போதவில்லை என்றுதான் நினைத்தேன்.