சிவந்த கண்ணும் பாண்டி சந்தேகமும்

எங்கள் பக்கம் ஒருவன் கண் சிவந்து வந்தால் யாரும் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. "நேத்து பாண்டியா?" என்பார்கள். கடலூரிலிருந்து பாலம் தாண்டினால் பாண்டி எல்லை. அங்கே சரக்கு விலை குறைவு.

எனக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கடலூர் முதுநகரிலிருந்து அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பைக்கில் போகும் ஆராய்ச்சி மாணவன் நான். காற்று வேண்டுமென்று ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டே ஓட்டுவேன். அப்புறம் சாயங்காலம் வரை ஏசி, கம்ப்யூட்டர் திரை. கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தும், சிவக்கும், தண்ணீர் கொட்டும். தண்ணீர் கொட்டுகிற கண்ணில் வறட்சி எப்படி இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். படித்தவன் அல்லவா! மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக் கண்ணில் விட்டேன். உடனே வெளுக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும்.

ஒரு ஞாயிறு காலை மருந்து தீர்ந்துபோக, அந்தக் கண்ணோடே சிதம்பரத்தில் பெண் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா என்னைத் தனியே இழுத்து, முகத்தருகே வந்தார்.

"ஊதுங்க மாப்ள."

ஊதினேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"வாசன இல்ல. இப்ப வாசன வராத சரக்குலாம் வந்துருக்காம்."

"சத்தியமா கண்ணுதான் மாமா எரியுது."

"அப்பா, கண்ணு எரிஞ்சா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. அவரு ஊதச் சொல்ல மாட்டாரு," என்றாள் அவள்.

மாமா சாட்சி மாதிரி டாக்டர் அறைக்குள்ளும் வந்தார். டாக்டர் கண்ணில் ஒரு சொட்டு சாயம் விட்டுப் பார்த்தார்.

"வண்டிக் காத்தும் ஏசியும் பட்டு கண்ணு வறண்டு போயிருக்கு. வறட்சி உறுத்துறதாலதான் தண்ணி கொட்டுது. அது ஈரமா நிக்காது. எவ்ளோ நாளா?"

"அஞ்சாறு மாசமா."

"ரெண்டு வாரத்துல சரியாவலன்னா வந்திருக்கணும். வலி, வெளிச்சம் கூசறது, பார்வை மங்கறதுன்னா அன்னிக்கே. என்ன விட்டீங்க?"

பையிலிருந்த காலி பாட்டிலை எடுத்தேன்.

"இது சிவப்ப மறைக்கத்தான். இதுவே ஜாஸ்தியாக்குது."

மாமா பாட்டிலையும் என்னையும் பார்த்தார். "எங்கிட்ட மறைக்கவா?"

"ஆமா மாமா." ஊதியபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

வெளியே வந்ததும் நான் மாட்டிய ஹெல்மெட்டின் கண்ணாடியை அவரே கீழே இறக்கினார். "இப்டியே ஓட்டுங்க. நாள் பாக்க வர்ற ஞாயித்துக்கெழம வாங்க."

வண்டியைக் கிளப்பினேன்.

"மாப்ள, கண்ணு செவந்திருந்தாலும் வாங்க."