போய்ப் பார்த்துட்டு வாங்க

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது பெரிய காரியமே இல்லை. நாற்பது பிள்ளைகளில் ஒன்று கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்கும் பாருங்கள், அங்கேதான் நம் சாயம் வெளுக்கும். சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிடிக்காதவர்கள், வீட்டில் நாலு வயசுப் பிள்ளை ஒன்று இருந்தால் போதும், நீங்களும் நம்ம கட்சிதான்.

நன்னிலத்தில் பஸ் ஏறி, நடுவழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்தால் என் முதல் பள்ளிக்கூடம். யூனியன் ஸ்கூல். ஓட்டுக் கட்டடம். ஹெட்மாஸ்டரும் நானும்தான் மொத்த ஸ்டாஃப். ஊரில் முக்கால்வாசி நிலம் பெரிய வீட்டு மிராசுதாருடையது. கறுப்பு சிவப்புக் கரைவேட்டிக்காரர்கள் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். டீக்கடையில் உட்கார்ந்தால் நில உச்சவரம்புப் பேச்சு. அறுப்பு வந்தால் கூலித் தகராறு, களத்தில் சிவப்புக் கொடி, ரோட்டில் போலீஸ் வேன். இதற்கு நடுவில் நான்: இருபத்திரண்டு வயசு, ஒரு குடை, ஒரு டிரங்குப் பெட்டி. அப்புறம் எத்தனையோ ஊரில் வேலை பார்த்துவிட்டேன், ஆனாலும் மனசு போய் நிற்பது அந்த ஓட்டுக் கட்டடத்தில்தான்.

மண்புழுவுக்கு வாய் எங்கே?

"மண்புழு உழவனின் நண்பன்" என்று புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு அஞ்சலை எழுந்தாள். அவள் அப்பா மாரிமுத்து பெரிய வீட்டில் பண்ணையாள். எண்ணெய் காணாத தலை, முழங்கால் வரை சேறு, வாய் மட்டும் ஓயாது. "டீச்சர், மண்புழுவுக்கு வாய் எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? டிரெயினிங்கில் அதையா சொல்லிக்கொடுத்தார்கள்? தெரியாது என்று சொல்லவும் ரோஷம். "எல்லாத்தையும் நானே சொல்லிட்டா எப்படி? போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று கம்பீரமாகச் சொல்லித் தப்பித்தேன்.

மறுநாள் காலையில் என் மேஜைமேல் பதினெட்டு கொட்டாங்கச்சி. ஒவ்வொன்றிலும் ஈரமண், அதற்குள் நெளியும் ஒரு ஜீவன். மேஜையில் விட்டு, எந்தப் பக்கம் முன்னால் போகிறது என்று பார்த்தார்கள். சிலது பின்னாலும் போனது. உடனே சண்டை. பட்டை கட்டினமாதிரி தடிப்பு இருக்கிறதே, அதற்குக் கிட்டத்தில் உள்ள முனைதான் மண்ணுக்குள் முதலில் நுழைகிறது என்று அஞ்சலைதான் கடைசியில் கண்டுபிடித்தாள். ஒரு மணி நேரம் ஒரு பிள்ளைகூட "வெளிய போகணும் டீச்சர்" என்று கேட்கவில்லை. தப்பிக்கச் சொன்ன வார்த்தையை அன்றிலிருந்து வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஹெட்மாஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, இது பள்ளிக்கூடமா, இல்ல தூண்டில் போடுறவன் கடையா?"

ஏழு வளை

நண்டு ஏன் வரப்பில் மட்டும் வளை தோண்டுகிறது, நடுவயலில் ஏன் தோண்டுவதில்லை? இது அடுத்த கேள்வி. கேட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. நானும் வழக்கம்போல "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றேன். நடவு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. டவுனில் வளர்ந்தவள், எனக்கு வயலென்றால் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வளையின் உள்பக்கம் எப்படிப் போகிறது என்று பார்க்க வரப்பை வெட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் வெட்டினால் நம்பிக்கை வராதாம். வேறு வேறு இடத்தில் பார்க்க வேண்டுமாம். பெரிய வீட்டு வயலில் கட்டி வைத்திருந்த தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலுக்கு வடிந்துவிட்டது. மத்தியானம் பெரிய வீட்டுக் காரியஸ்தர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நண்டு ஒரு வளை தோண்டுனா நாங்க அடைச்சுக்குவோம்மா. உங்க புள்ளைங்க ஏழு தோண்டியிருக்குதுங்க, நான் எதைன்னு அடைக்கிறது?"

இன்ஸ்பெக்டரும் தேங்காய் மட்டையும்

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. "காவிரி எங்கே உற்பத்தியாகிறது?" என்று கேட்டார். குடகு என்று நான் வாயசைத்துப் பார்த்தேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பினால்தானே. அஞ்சலை எழுந்து, "அது தெரியாதுங்க சார். பாலத்துலேர்ந்து மதகு வரைக்கும் தண்ணி வர எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியும். நானூறு எண்ணுனா வந்துரும்" என்றாள். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"யார் சொன்னது?" என்றார் அவர். "யாரும் சொல்லலைங்க, தேங்கா மட்டையைப் போட்டுப் பார்த்தோம்" என்றது வகுப்பு மொத்தமும். மனுஷர் என்ன நினைத்தாரோ, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டார். முதல் மட்டை ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது, பிள்ளைகள் நானூறு எண்ணி முடிக்கவும் மதகில் போய் முட்டியது. கடிகாரத்தைப் பார்த்தவர் பார்த்தபடி நின்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே என்னிடம் சொன்னார்:

"பாடம் முடிக்கலைன்னு நான் எழுதித்தாம்மா ஆகணும். அதுக்கு முன்னாடி இன்னொரு மட்டை இருந்தா விடச் சொல்லுங்க."

வெளிச்சுவர்

இதுவரை சிரித்தீர்கள். இனி சொல்லப்போவதில் எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

"நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு வயல் இருக்கு டீச்சர்?" என்று அஞ்சலை கேட்டாள். நல்ல கேள்வி, ஊர் வரைபடமே போட்டுவிடலாம் என்று குதித்தேன். வகுப்புக்குள் இடமில்லை. ரோட்டைப் பார்த்த வெளிச்சுவரில் எலெக்‌ஷன் எழுத்தை அழித்துச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கரித்துண்டால் அதில் போடுங்கள் என்றேன். எந்த வயல் யாருடையது என்று கேட்கப் பிள்ளைகள் கர்ணத்திடம் போனார்கள். கிராமக் கணக்கு முழுக்க அவர் கையில். "உங்களுக்கு எல்லா வயலும் மனப்பாடமாமே தாத்தா?" என்று கேட்டால் எந்த மனுஷனுக்குத்தான் குளிராது? ரிஜிஸ்டரைத் திறக்காமலே கடகடவென்று ஒப்பித்துவிட்டார். பிள்ளைகள் அப்படியே சுவரில் எழுதிவிட்டார்கள்.

உச்சவரம்புக்குப் பயந்து பெரிய வீட்டில் நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் பண்ணையாட்கள் பேரிலும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆட்களுக்கே விஷயம் தெரியாது. ஏதோ காகிதம் என்று நீட்டிக் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு, சுவரில் ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்த பெயரைத் தொட்டுக்கொண்டு அஞ்சலை என்னைக் கேட்டாள்:

"எங்கப்பா பேர்ல அரை வேலி நிலம் இருக்காம் டீச்சர். அப்பறம் ஏன் அவரு தினம் கூலிக்குப் போறாரு?"

வேற மாரிமுத்து

அரை வேலி என்றால் மூன்று ஏக்கருக்கு மேல். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் சுவருக்கு முன்னால் நின்றது. மறுநாள் மணி அடிப்பதற்கு முன்னால் மாரிமுத்து வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், கூனிக் குறுகி நின்றார். "குடிசை பெரிய வீட்டு மனைல இருக்குங்க. அந்தப் புள்ள இன்னொரு தடவை நிலம்னு வாயத் தொறந்தா, ராவோட ராவா பிரிச்சுக்கிட்டுப் போயிடுன்னுட்டாரு ஐயா. மூணு புள்ளைங்க டீச்சர், எங்க போவேன்? நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. ஏதாச்சும் ஒரு பதிலச் சொல்லி அடக்கிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பயந்துவிட்டேன். வேலைக்காக இல்லை, அந்தக் குடிசைக்காக. சுவரில் இருந்த படத்தை அழித்தேன். அஞ்சலையைக் கூப்பிட்டு, "அது உங்கப்பா இல்லம்மா. வேற ஒரு மாரிமுத்து" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாத குறை. அன்று மத்தியானம் வகுப்புக்கு வராதவள் மறுநாள் காலையில் நேரே என் மேஜைக்கு வந்தாள்:

"நாலு தெருவும் வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன் டீச்சர். நம்ம ஊர்ல மாரிமுத்துன்னா எங்கப்பா ஒருத்தர்தான்."

டிரங்குப் பெட்டி

சுவரில் இருந்தவரை ஊர் பார்த்துவிட்டுப் போனது. அவள் வீடு வீடாகக் கேட்ட பிறகு எவராலும் மூடி வைக்க முடியவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்து மாரிமுத்து குடிசை வாசலில் கொடி நட்டு உட்கார்ந்தார்கள். குடிசையை யாரும் தொடவில்லை. தாசில்தாருக்கு மனு போனது. எனக்குப் பத்தே நாளில் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது, பூம்புகார் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்கு. கேஸ் ஆறு வருஷம் இழுத்து, அரை வேலி நாலு மாவாக, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சமாகச் சுருங்கி, கடைசியில் அவர் கைக்கு வந்ததாம். அதற்குள் ஹைஸ்கூலுக்குப் போயிருந்த அஞ்சலை கார்டு போட்டிருந்தாள். கார்டைப் படித்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தவர் மாரிமுத்து. அப்போது நிலம் வரும் என்றும் தெரியாது, வராது என்றும் தெரியாது. "உங்க பொண்ணுகிட்டப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க" என்றேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். அப்புறம் சொன்னார்:

"நானே கேட்டுத்தானே சொன்னீங்க டீச்சர். ஒம்பது வயசுப் புள்ள நாலு தெரு போய்க் கேக்குது. கைநாட்டு வச்ச அன்னிக்கு, இது என்ன காயிதம்னு ஒரு வார்த்தை நான் கேக்கலியே."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லாமல், கேட்ட கேள்விக்கு நானே நேராகப் பதில் சொன்னது அந்த ஒரே தடவைதான், அதுவும் தப்பு.