ஒற்றைக் கை முடிச்சு

கூடாரக் கயிற்றில் நான் கட்டிய முடிச்சை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவிழ்த்துக் கட்டுவான் தர்மேந்திரன். கல்யாண வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்தக் கோபம் எனக்குப் பல வருடமாக உண்டு. என் முடிச்சு நழுவாது. அதில் என்ன குறை?

இருவரும் அலோர் காஜா பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். தோட்டத்தை விற்றதும் அவன் மீன் லாரி ஓட்டினான். பிறகு கூடாரம் வாடகைக்கு விடும் நிர்மலாதேவி அக்காவிடம் சேர்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டான். லாரியில் பழகிய கட்டுதான் அவனுக்கு எல்லாவற்றுக்கும். சப்பாத்துக் கயிறு கட்டுவது போல, கடைசிச் சுற்றில் நுனியை முழுக்க இழுக்காமல் மடித்துச் சொருகி ஒரு காது விடுவான். எவ்வளவு இறுகியிருந்தாலும் வெளியே தொங்கும் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு, அவிழ்ந்துவிடும். கல்யாண வீட்டில் கயிற்றில் கத்தி படக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு. என் முடிச்சு மழையில் நனைந்தால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். கடிக்கிறவன் நான்தானே, அவனுக்கு என்ன?

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விளங்காமல் போயிற்று. வேலைக்குத் திரும்பி வந்தவனிடம், இனி நாற்காலியைப் பார்த்துக்கொள், கயிறு வேண்டாம் என்றார் அக்கா. நல்ல மனசோடுதான் சொன்னார். அவன் முகம் செத்துவிட்டது. ஒரே ஒரு மூலை கொடுங்கள், சரியில்லை என்றால் நானே கயிற்றைத் தொட மாட்டேன் என்றான். செர்காமில் நடந்த கல்யாணத்தில் கடல் பக்கத்து மூலையைக் கொடுத்தார். காற்று முதலில் அடிப்பது அங்கேதான்.

கயிற்றை முளையில் சுற்றி, முழங்காலால் அமுக்கி, இடது கையால் மடித்துச் சொருகினான். உடம்போடு பின்னால் சாய்ந்து இறுக்கினான். நான் உதவப் போனேன்.

"கிட்ட வராத லா. உன் கை பட்டா அப்புறம் கோடாரிதான் கொண்டாரணும்."

பந்தி நடக்கும்போது காற்று வந்தது. கம்பங்கள் ஆடின. அவன் மூலை அசையவில்லை. பின்னாலேயே மழை கொட்டி, சாப்பிடுகிறவர்கள் தலைக்கு மேல் துணியில் தண்ணீர் குளம் கட்டியது. அந்த மூலையைத் தளர்த்தச் சொன்னார் அக்கா. அவன் வாலை இழுத்தான், துணி சாய்ந்து தண்ணீர் வெளியே ஊற்றியது. உடனே திரும்பக் கட்டிவிட்டான். அக்கா லாரியில் இருந்த கயிற்றுச் சாக்கைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த கல்யாணம் தெங்கேராவில். வழக்கம் போல என் மூலைக்கு வந்தான். குனிந்து என் முடிச்சை இடது கையால் நெம்பினான். அது அசையவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். நிமிர்ந்தான். முகத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

"டேய், இத நீயே அவுத்துட்டு, காது விட்டுக் கட்டு."