கொட்டுச் சத்தம் நின்றபோது

என் மகள் கிரேஸ் போய்விட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவளுக்கு நான்கு வயது. தாராவியில் எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் காடி என்று சொல்லும் உப்பங்கழி. கடல் ஏறினால் அந்தச் சேற்று நிலமெல்லாம் தண்ணீர் வந்துவிடும். 1964, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாட்கள். ஞாயிறு சாயங்காலம்.

எங்கள் சபை வாலிபர்கள் கேரல் பவனி தொடங்கியிருந்தார்கள். முன்னால் முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஆடி வர, பின்னால் கொட்டும் பாட்டும். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "கொட்டுன்னா அவளுக்கு உசுரு. சத்தம் கேட்டு வந்துருவா, நல்லா அடிங்கடே!" என்றார் என் வீட்டுக்காரர். கொட்டடித்துக்கொண்டே சந்து சந்தாகத் தேடினோம். வேஷத்தைக் கழற்ற நேரமில்லாமல் தாத்தாவே முன்னால் ஓடினான். "கிரேஸு! கிரேஸு!" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. காடிக்கரைக்கு வந்தோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அப்படியே மண்ணில் முழங்கால் போட்டேன். ஜெபிக்க வாய் திறந்தால், கொட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆண்டவரே, ஜெபம்கூடப் பண்ண முடியவில்லையே என்று அழுதேன். "சும்மா இரு" என்று ஆண்டவர் எனக்கு உள்ளுக்குள் உணர்த்தினார்.

எழுந்து கத்தினேன். "அண்ணே, கொட்ட நிறுத்துங்க! ஒருத்தரும் மூச்சு காட்டாதீங்க!"

எல்லாம் நின்றது. தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. ஐயோ, அந்த நேரம் நான் பட்ட பயம்! வேறொன்றும் கேட்காமலே போய்விட்டால்? பிறகு, சேற்றில் சாய்ந்து கிடந்த உடைந்த படகுக்குப் பின்னாலிருந்து ஒரு விக்கல். பிள்ளைகள் அழுது ஓய்ந்தபின் வருமே, அந்த விக்கல்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து போய்த் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார். அவள் இடுப்புக்குத் தண்ணீர் வந்திருந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் கேட்டாள்: "அம்மா, தாத்தா போயிட்டானா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகமூடியைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறாள். நாங்கள் கொட்டடித்து நெருங்க நெருங்க, பிள்ளை தண்ணீருக்குள் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறாள்.

என் வாய் சபையே அறிந்த வாய். இப்போது அட்வெந்து சாயங்காலங்களில், பாட்டு தொடங்கும் முன்னே நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருகிறோம். நான் பேசாமல் இருப்பதுதான் பெரிய அற்புதம் என்று இவர் கேலி பண்ணுகிறார். பண்ணட்டும். என் பிள்ளை உயிரோடிருக்கிறாள், ஸ்தோத்திரம்.

சகோதரிகளே, உங்களுக்கும் பயம் வரும். கத்தத்தான் தோன்றும். அவரை நம்பி ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். எங்கள் வாயை அடைத்துத்தான் ஆண்டவர் என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.