இரும்புப் பெட்டிக்குள் ஒரு வைஃபை

இரண்டு வாரத்துக்கு முன்பு, என் மகள் புவனா லேப்டாப் திரையில் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள். பயந்துவிடாதீர்கள்... உறைந்தது அவள் இல்லை, வீடியோ!

பின்னறையில் வேலைக்கான கடைசிச் சுற்று இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. மூன்று முறை லைன் போனது. எதிர்முனையில் இருந்த பெண்மணி நல்லவர். “வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு தடவை பார்க்கலாம். இதுதான் கடைசி” என்றார். இரண்டு வருடமாகத் தேடுகிற வேலை. இதுவும் போனால்?

கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். “பெரிய பிளானுக்கு மாறிடுங்க மேடம்.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இருக்கிற வேகமே பின்னறைக்கு வந்து சேரவில்லை, பெரிய வேகம் மட்டும் வந்துவிடுமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

வாசலில் மாட்டியிருந்த வைஃபை ரவுட்டரைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறிய உடனே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. என் கணவர்!

கடலை ஒட்டிய எங்கள் கல்மண்டபத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோலைக்கூட விட்டுவைக்காது. என் கணவர் துறைமுகத்தில் வாக்கிடாக்கியும் கையுமாக கிரேன்களுக்கு சிக்னல் கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது துருவோடுதான் அவருக்குச் சண்டை. மிக்ஸிக்கு உறை, ஃபேனுக்கு உறை, ஞாயிறு தவறாமல் கதவுக் கீல்களுக்கு எண்ணெய். ரவுட்டருக்கு மட்டும் ஸ்பெஷல் — வாசல் சுவரில், பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புப் பெட்டி. பூட்டோடு!

“இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்?”

“இன்னாமே பேசுற? தொறந்து வெச்சா ரெண்டே மாசத்துல துரு தின்னுடும்.”

“பொட்டி நல்லாத்தான் கீது நைனா. என் வேலதான் பூடும் போலகீது” என்றாள் புவனா.

மனிதர் உள்ளே போனார். சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

ரவுட்டர் நடு அறை அலமாரிக்கு வந்தது. அப்படியும் வீடியோ திக்கியது. செட்டிங்ஸைத் திறந்து உட்கார்ந்தேன். ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கிறது. 2.4 நம் மெயின் ரோடு மாதிரி... தூரம் போகும், ஆனால் எந்நேரமும் கன்டெய்னர் லாரி நெரிசல். 5 காலி ரோடு, பறக்கலாம். ஆனால் நாலு சுவரைத் தாண்டாது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். லேப்டாப் பாவம், நெரிசலில் போய் நின்றிருக்கிறது! தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5-இல் இணைத்தேன். டிவியும் செல்போன்களும் 2.4-க்குப் போயின. பின்னறைக்கு நடுவில் ஒரே சுவர்தான், வேகம் அள்ளியது.

“நடுவுல இந்த 5 கட்டாயிடுச்சுன்னா?” என்றாள் புவனா. நியாயமான கேள்வி. மாற்றுக்கு 2.4 உருப்படியாக இருக்க வேண்டுமே! அந்த ரோட்டுக்குள்ளும் லேன் மாதிரி பல சேனல் உண்டு. ஒரு ஆப்பில் பார்த்தால், தெருவில் முக்கால்வாசி வீடும் எங்களோடு ஒரே சேனலில் நிற்கிறது. விழித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் கணவர்.

“அட, இதாமே மேட்டரு? நாலு கிரேன்காரனும் ஒரே சேனல்ல கத்திகினு இருந்தா எவன் பேச்சு எவனுக்குக் கேக்கும்? காலி சேனலுக்குத் தாவு!”

தாவினேன். 2.4-உம் திக்காமல் ஓடியது. நான் மணிக்கணக்கில் வீடியோ பார்த்தும் பிடிபடாததை, இந்த மனுஷன் வேலை பார்த்த பழக்கத்திலேயே சொல்லிவிட்டார். சொல்லக் கூடாது, எனக்குப் பெருமை தாங்கவில்லை!

வியாழக்கிழமை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நாங்கள் இருவரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம். நாற்பது நிமிடம், ஒரு தடவைகூடத் திக்கவில்லை. சனிக்கிழமை மெயில் வந்தது — வேலை கிடைத்துவிட்டது! இந்தக் கையால் செட் பண்ணிய வைஃபை என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும்.

அன்று சாயங்காலம் அவரைச் சீண்டினேன். “ரவுட்டரைத் திரும்பப் பெட்டியில வெச்சுடலாமா?”

“துரு புடிச்சா புடிக்கட்டும்மே. வேற வாங்கிக்கலாம். பொண்ணு ஒண்ணுதானே நமக்கு.”

துருவை மன்னித்து அவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனாலும், தினமும் காலையில் ரவுட்டரைத் துணியால் துடைக்கிறார்...

எண்ணெய் போடவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்!