ஐந்தாவது ஏனுக்கு எவாஞ்சலின் எழுதிய பதில்

ஒரகடத்தில் கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எவாஞ்சலினுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு வயர் பழுதென்றால் ஓரமாகப் போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். ஏன் பழுது, அந்த ஏனுக்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு 'ஒய்-ஒய் ஷீட்' என்கிற காரணம் தேடும் தாளில் எழுதினால்தான் சோறு இறங்கும். நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால், ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கிற பிறவி.

இரண்டாவது பிள்ளை வயிற்றில், இப்போது ஐந்தாவது மாதம். படப்பை கிளினிக்கில் டாக்டர் சுகப்பிரியா எடை பார்த்துவிட்டு எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொன்னார். "வயித்துல இருக்கறப்ப தாய் ரொம்பக் கொழுப்பு தின்னா, குட்டிங்களோட மூளை வளர்ச்சி மாறுதுன்னு எலிங்கள வெச்சுப் பாத்திருக்காங்கம்மா" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். எவாஞ்சலினோ அந்த வார்த்தையை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூத்த மகள் ஜெர்சிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. 'ம்மா', 'தா' என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் மெல்லத்தான் பேசும் என்று ஆளாளுக்குச் சொன்னதில் அவளும் சமாதானமாகியிருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் போயிற்று. ஜெர்சி வயிற்றில் இருந்தபோது ஓவர்டைம் பார்த்த நாளெல்லாம் கேண்டீன் பூரி, நாலு மணிக்குப் பஜ்ஜி, ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கினால் பரோட்டா. அன்றைய பசி அப்படி.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வெற்று ஷீட்டை எடுத்தாள். பழுது என்ற கட்டத்தில் 'பேச்சு வரவில்லை' என்று எழுதினாள். ஏன்? மூளை வளர்ச்சி. ஏன்? கருவில் சேர்ந்த கொழுப்பு. ஏன்? பூரி, பஜ்ஜி, பரோட்டா. ஏன்? வாயைக் கட்டவில்லை. ஐந்தாவது ஏனுக்கு எதிரே 'எவாஞ்சலின்' என்று எழுதி, அதன்கீழ் அழுத்திக் கோடு போட்டாள். மணி அடித்துவிட்டது. அவசரத்தில் அதையும் அன்றைய ஷீட்டுகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் சூப்பர்வைசர் செல்வநாதன் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? காரணம்னு ஆள் பேர எழுதினா வாங்க மாட்டேன்னு தெரியாதா? எட்டு வருசமா எழுதிக்கினு கீற."

"தெரியும் சார்."

"எத்தினி பீஸ் பாத்த? ஒண்ணு. உள்ள போற கரெண்ட் சரியா கீதான்னு பாக்காமயே வயர குத்தம் சொல்லுவியா?" பக்கத்தில் ஆள் வரவும் குரலைத் தணித்தார். "கொயந்தய டாக்டராண்ட காட்னியா?"

காட்டவில்லை. அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை ஜெர்சியோடு படப்பை கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள். "மேடம், அந்த எலி எவ்ளோ தின்னுச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "தினமும் சாப்பாட்டுல பாதிக்கு மேல கொழுப்புதான். கர்ப்பத்துக்கு முன்னாடியிலேர்ந்தே. குட்டிங்களுக்குப் பசி, ஞாபகம் பாத்துக்கற பகுதில மாற்றம் தெரிஞ்சுது."

"எல்லாக் குட்டிக்குமா? மனுசங்களுக்கும் அப்டித்தானா?"

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இல்ல. மனுசங்களுக்கு இன்னும் உறுதியாத் தெரியலம்மா. எலிய அடைச்சு வெச்சு அளந்து போடலாம், உங்கள முடியுமா? எண்ணெயக் குறைச்சா நல்லதுதான். ஆனா மீன், வேர்க்கடலைல இருக்கற கொழுப்பு மூளைக்கு வேணும்."

"அப்போ ஜெர்சிக்கு?"

"பூரியாலதான் பேச்சு வரலன்னு யாராலயும் சொல்ல முடியாது. காது டெஸ்ட் எடுத்தீங்களா?"

அடுத்த வாரம் தாம்பரத்தில் எடுத்தார்கள். அறைக்குள் மெல்லிய சத்தங்கள் வந்தன. ஜெர்சி தலையைத் தூக்காமல் பொம்மையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தத்துக்கு மட்டும் திரும்பினாள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சரிசெய்துவிடலாம், பேச்சும் பழக்கிவிடலாம் என்றார்கள். எவாஞ்சலினுக்கு நிம்மதியும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூப்பிட்ட குரலுக்கு வராதபோதெல்லாம், "காது கேக்குதா இல்லியாடி உனக்கு?" என்று மகளை எத்தனை நாள் திட்டியிருக்கிறாள். உலகத்தையே கேள்வி கேட்டவள், அதை மட்டும் ஒரு நாள்கூடக் கேள்வியாகக் கேட்டதில்லை.